சுனாமிக்காரம்மா வீடு

சுனாமி நினைவகத்தின் வாசலில் பெரியம்மா செருப்பைக் கழற்றினார். அங்கே நின்றிருந்த காவலாளி, "செருப்போடயே போலாம்மா, இது கோயில் இல்ல" என்றார். பெரியம்மா காதில் வாங்கவில்லை. செருப்பைச் சுவரோரமாகச் சேர்த்து வைத்துவிட்டு, முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டார். பிறகு என்ன நினைத்தாரோ, அதை இறக்கித் தோளில் விட்டார். கோயிலுக்குள் நுழையும்போது எங்கள் கத்தோலிக்கப் பெண்கள் செய்கிற காரியம் அது. பெரியம்மா கோயிலுக்குள் போவதை நிறுத்தி இருபது வருடம் ஆகியிருந்தது. கை மறக்காமல் செய்ததை மனம் வேண்டாமென்று சொல்லியிருக்கவேண்டும். நானும் செருப்பைக் கழற்றினேன். நாகப்பட்டினத்து வெயில் காலையிலேயே ஏறியிருந்தது. சிமெண்டுத் தரையில் காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு இரண்டு பேரும் உள்ளே போனோம்.

பெரியம்மா என் அம்மாவுக்கு மூத்தவர். கருமத்தம்பட்டியில் எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான். வீட்டின் பின்னால் ஓடு வேய்ந்த கொட்டகையில் பெரியப்பா நான்கு விசைத்தறிகள் போட்டிருந்தார். அவர்களுக்கு ஒரே மகள். என்னைவிட இரண்டு வயது பெரியவள். எனக்குக் கூடப்பிறந்தவர்கள் கிடையாது. அவளை அக்கா என்று கூப்பிட்டேன். அவள் வீட்டில் சாப்பிட்டு எங்கள் வீட்டில் தூங்குவாள், நான் எங்கள் வீட்டில் சாப்பிட்டு அவள் வீட்டில் தூங்குவேன். எந்தப் பிள்ளை எந்த வீட்டில் இருக்கிறது என்று பெரியவர்கள் தேடிக்கொண்டிருந்ததில்லை.

எனக்குப் பத்து வயதான வருடம் மழைக்காலத்தில் அக்காவுக்கு மஞ்சள் காமாலை வந்தது. கோயம்புத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியில் வாரக்கணக்கில் கிடந்து எழுந்து வந்தாள். பிள்ளை பிழைத்தால் வேளாங்கண்ணிக்கு வந்து முழங்காலில் நடக்கிறேன் என்று பெரியம்மா நேர்ந்திருந்தார். கிறிஸ்துமஸ் நோம்பியை ஊரில் முடித்துக்கொண்டு அன்று சாயங்காலமே மூன்று பேரும் பஸ் ஏறினார்கள். அக்கா அதுவரை கடலைப் பார்த்ததில்லை. கடல் தண்ணீர் நிஜமாகவே உப்பா என்று நக்கிப் பார்த்துவிட்டு வந்து சொல்வதாக என்னிடம் சத்தியம் செய்துவிட்டுப் போனாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கோயிலிலிருந்து திரும்பி நோம்பிக் குழம்பைச் சுடவைத்துக்கொண்டிருந்த அம்மாவை, டிவியைப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரர் வந்து கூப்பிட்டார். சுனாமி என்ற சொல்லை எங்கள் தெரு அன்றைக்குத்தான் முதலில் கேட்டது. அப்பாவும் கோயிலைச் சேர்ந்த சிலரும் ஒரு வேன் பிடித்துக்கொண்டு போனார்கள். சில நாள் கழித்துப் பெரியம்மாவை மட்டும் கூட்டிவந்தார்கள். பெரியப்பாவை அடையாளம் கண்டு அங்கேயே மற்றவர்களோடு அடக்கம் செய்தாயிற்று. அக்கா கிடைக்கவில்லை.

நடந்தது இதுதான். விடியற்காலையில் போய்ச் சேர்ந்ததும் மூன்று பேரும் குளித்து, முதல் பூசை பார்த்திருக்கிறார்கள். பெரியம்மா முழங்காலில் நடந்து நேர்ச்சையை முடித்திருக்கிறார். கால் இரண்டும் சிராய்த்து எரிந்ததால், கோயிலுக்குள் உட்கார்ந்து இன்னொரு பூசையும் பார்த்துவிடுகிறேன், நீங்கள் போய்ப் பிள்ளைக்குக் கடலைக் காட்டிவிட்டு வாருங்கள் என்று பெரியப்பாவை அனுப்பியிருக்கிறார். பாதிப் பூசையில் வெளியே கூச்சல் கேட்டிருக்கிறது. தண்ணீர் கடைவீதியை அழித்துக்கொண்டு வந்து கோயிலைத் தொடாமல் நின்றுவிட்டது என்று பிறகு எல்லோரும் சொன்னார்கள்.

ஊரிலிருந்து துக்கம் கேட்க வந்தவர்கள் அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். "உங்களையாச்சும் மாதா காப்பாத்திக் குடுத்தாங்களே" என்று பெரியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். நல்ல மனதோடு சொன்னவர்கள்தான். பெரியம்மா அவர்கள் கையை உதறியதில்லை. ஒருநாள் அம்மாவோடு துணி துவைத்துக்கொண்டிருந்தபோது, "என்னையக் காப்பாத்தச் சொல்லி நானா கேட்டேன்?" என்றார். அம்மா துணியை அலசிக்கொண்டே இருந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து பெரியம்மா கோயிலுக்குள் காலெடுத்து வைக்கவில்லை. பங்குச் சாமியார் வீடு தேடி வந்தால் காப்பி போட்டுக் கொடுப்பார், தின்பண்டம் வைப்பார், பேச்சு கோயில் பக்கம் திரும்பினால் தறியைப் பார்க்க எழுந்து போய்விடுவார்.

தறியை அவரே ஓட்டினார். நூல் கொடுக்கிறவர்களும் துணி எடுக்கிறவர்களும் பெரியப்பா காலத்தில் வந்ததுபோலவே வந்தார்கள். தறி ஓடுகிற கொட்டகைக்குள் யாரும் யாரோடும் பேசமுடியாது. அதற்காகவே அவர் அதற்குள் நின்றுகொண்டிருக்கிறார் என்று ஊரில் நினைத்தார்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன். கரண்ட் போகிற நாட்களில் மட்டும் வாசலில் வந்து உட்காருவார். அப்போது தெருவே அவரிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக நடந்துகொள்ளும்.

சில வருடங்களில் ஊர் மறந்தது. மறந்தது என்றும் சொல்லமுடியாது, அதற்கு ஒரு பெயர் வைத்துப் பத்திரப்படுத்திவிட்டது. கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர் வழி கேட்டால், "சுனாமிக்காரம்மா ஊட்டுக்கு அக்கட்டாலங்க" என்று எங்கள் வீட்டுக்கு அடையாளம் சொன்னார்கள். மளிகைக் கடைக்காரர், மருந்துக் கடைப் பெண், புதிதாகக் குடிவந்தவர்கள், எல்லோருக்கும் அவர் சுனாமிக்காரம்மா. கடலிலிருந்து இத்தனை தூரத்தில், நொய்யல் வறண்டு கிடக்கிற நாட்டில், அந்தப் பெயரோடு ஒருத்தி இருப்பது அவர்களுக்கு வினோதமாகக்கூடத் தோன்றவில்லை. ஒவ்வொரு வருடமும் அந்த நாளில் கடற்கரை ஊர்களில் கும்பல் கும்பலாகப் போய்க் கடலில் பால் ஊற்றுவதையும் பூப்போடுவதையும் டிவியில் காட்டுவார்கள். எங்கள் ஊரில் அது நோம்பிக்கு மறுநாள். மிச்சக் கறி, மிச்சப் பட்டாசு, மத்தியானத் தூக்கம். தறி ஓட்டுகிற ஒருவரும் அன்றைக்குத் தறி ஓட்டமாட்டார்கள். பெரியம்மா கொட்டகையில் மட்டும் காலையிலிருந்து ஓடும். அடங்கிக் கிடக்கிற ஊரில் அந்த ஒரு சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும்.

அக்காவைப் பற்றி யாரும் பேசவில்லை. பெரியம்மா எதிரில் பேசக்கூடாது என்று முதலில் எனக்குச் சொல்லிவைத்தார்கள். பிறகு எங்கேயும் பேசாமல் இருப்பது பழகிவிட்டது. துக்கம் கேட்டு வந்தவர்கள் பெரியம்மாவைக் கேட்டார்கள், அம்மாவைக் கேட்டார்கள். பத்து வயதுப் பிள்ளையிடம் யார் வந்து துக்கம் கேட்பார்கள்? பள்ளிக்கூடத்துக்குத் தனியாக நடந்து போனேன். சாயங்காலம் விளையாட ஆளில்லாமல் சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, அந்தப் பக்கத்துத் தறிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். கல்யாணமாகிக் கோயம்புத்தூர் கணபதிக்கு வந்து, லேத் பட்டறைகள் நடுவே ஒரு மாடி வீட்டில் குடியிருந்துகொண்டு பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தும் வயதிலும், உனக்கு அக்கா தங்கை உண்டா என்று யாராவது கேட்டால் என்ன சொல்வதென்று எனக்குத் தெரிந்ததில்லை. இல்லை என்றே சொல்லிவந்தேன்.

ஒரு நாள் பெரியம்மா போன் செய்தார். அப்பாவும் அம்மாவும் காலமாகிவிட்ட பிறகு அவருக்குப் போன் செய்ய நான்தான் இருந்தேன்.

"ஏங்கண்ணு, உனக்கு லீவு எப்ப?"

"பரீட்சை முடிஞ்சா லீவுதானுங்க பெரீம்மா. ஏனுங்க?"

"நாகப்பட்டணத்துப் பக்கம் சுனாமியில போனவீங்களுக்குன்னு ஒரு கட்டடம் கட்டிருக்கறாங்களாமா. போட்டோவெல்லாம் மாட்டி வெக்கறாங்களாமா. வெளியூர்ல இருந்து வந்து போனவீங்க போட்டோவும் குடுத்தா வெச்சுக்குவாங்கன்னு சாமியார் சொன்னாரு. சித்தெ கூட வாரயா?"

பெரியப்பாவின் போட்டோ கூடத்தில் மாலையோடு மாட்டியிருந்தது. அக்காவின் படம் எதுவும் சுவரில் கிடையாது. கல்லறைத் தோட்டத்தில் பிள்ளையின் பெயருக்கு ஒரு சிலுவையாவது நடலாமே என்று சாமியார் கேட்டபோது, "கெடைக்காத பிள்ளைக்கு எதுக்குங்க குழி?" என்று கேட்டவர் பெரியம்மா. அவரே போட்டோ கொடுக்கக் கூப்பிடுவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. வாரேனுங்க என்றேன்.

சிங்காநல்லூரில் பஸ் ஏறி, திருச்சியிலும் தஞ்சாவூரிலும் மாறி, நாகப்பட்டினத்தில் ஒரு லாட்ஜில் தங்கினோம். வழியெல்லாம் பெரியம்மா ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வயல்களைப் பார்த்துக்கொண்டு வந்தார். வேளாங்கண்ணிக் கோயிலுக்கும் போகலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். "அது வேண்டாங்கண்ணு. இதுக்குத்தான வந்தோம்" என்றார்.

நினைவகம் பெரிய கட்டடம் ஒன்றும் இல்லை. நீளமான ஒரு கூடம், பக்கத்தில் இரண்டு அறைகள். நுழைந்ததும் முன்பகுதி பிளந்த ஒரு கட்டுமரமும் மணல் படிந்த பொருட்களும் இருந்தன: எவர்சில்வர் குடம், ஒற்றைக் கொலுசு, பள்ளிக்கூடப் பை, நசுங்கிய சைக்கிள் சக்கரம். பள்ளிப் பிள்ளைகள் சிலர் வரிசையாக வந்திருந்தார்கள். அவர்களுடைய டீச்சர், பேசாமல் பாருங்கள் என்று அதட்டிக்கொண்டிருந்தார். அவர்கள் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பு நடந்தது அது. கட்டுமரத்தைச் சுற்றி ஓடிவிட்டு வெளியே போய்விட்டார்கள். அதன் பிறகு கூடத்தில் நாங்கள் இருவரும், மூலையில் துடைப்பத்தைச் சாத்திவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாளும் மட்டும்தான்.

நீளச் சுவர் முழுவதும் போட்டோக்கள். ஊர் ஊராகப் பிரித்து மாட்டியிருந்தார்கள். கடற்கரை ஊர்களின் பெயர்களை எழுதி, ஒவ்வொன்றின் கீழும் நெருக்கியடித்துக்கொண்டு முகங்கள். ரேஷன் கார்டிலிருந்து எடுத்துப் பெரிதாக்கியவை, கல்யாணப் போட்டோவில் ஒருவரை மட்டும் வெட்டி எடுத்தவை. கடைசியில் ஒரு ஓரத்தில் வெளியூர் யாத்திரிகர்கள் என்று எழுதியிருந்தது. அதன் கீழே மட்டும் இடம் நிறையக் காலியாக இருந்தது. அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில படங்கள், கேரளத்து முகங்கள், கர்நாடகத்து முகங்கள். யாருக்கும் யாரும் பக்கத்தில் இல்லை. பெரியம்மா அந்த ஓரத்துக்கு வந்து நின்றார். கைப்பையை இறுக்கிப் பிடித்திருந்தார். திறக்கவில்லை.

மூலையிலிருந்த அம்மாள் எழுந்து வந்தார். பெரியம்மாவைவிடச் சற்று இளையவர்போல இருந்தார்.

"எந்த ஊருக்கா?"

"கோயம்புத்தூருக்குப் பக்கமுங்க. கருமத்தம்பட்டி."

"யாரு போனாங்க?"

இருபது வருடத்தில் எங்கள் ஊரில் ஒருவரும் அப்படி நேராகக் கேட்டதில்லை. பெரியம்மா அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்தார்.

"ஊட்டுக்காரரும் பிள்ளையும். பன்னண்டு வயசுங்க. உங்களுக்குங்க?"

"ரெண்டு பையன், மாமியாரு" என்று அந்த அம்மாள் சுவரில் கையைக் காட்டினார். "எங்கூர்ல வீட்டுக்கு வீடு போச்சுக்கா. யாரு யாருக்கு ஆறுதல் சொல்றது? எல்லாரும் ஒண்ணா உக்காந்து அழுவோம், ஒண்ணா எந்திரிச்சு சோறாக்குவோம். உங்க ஊர்ல எத்தன வீடு?"

"நான் ஒருத்திதானுங்க."

அந்த அம்மாள் ஸ்டூலை இழுத்துவந்து பெரியம்மாவை அதில் உட்காரவைத்தார். தான் கீழே தரையில் உட்கார்ந்தார். நான் சற்றுத் தள்ளி நின்றேன். பெரியம்மா கேட்டார்.

"ஏனுங்க, உங்களை ஒண்ணு கேக்கோணும். நான் கோயிலுக்குள்ள இருந்தேன். பாட்டுப் பாடிட்டு இருந்தாங்க. எனக்கு ஒண்ணும் கேக்கலைங்க. தண்ணி வரையில சத்தம் எப்படி இருந்துச்சுங்க?"

நான் திடுக்கிட்டுப் போனேன். அந்த அம்மாள் திடுக்கிடவில்லை. யோசித்துத்தான் பதில் சொன்னார்.

"மொதல்ல சத்தமே இல்லக்கா. கடல் உள்ள போயிருச்சு, மீனெல்லாம் தரையில துடிக்குது. புள்ளைங்க அதப் பாக்க ஓடுனாங்க. அப்புறந்தான் இரைச்சல். ரயிலு மாதிரின்னு சொல்லுவாங்க, எனக்கு அப்படித் தெரியல. நெல்லு மூட்டையக் கவுத்தா ஒரு சத்தம் வருமே, அது நிக்காமக் கொட்டிக்கிட்டே இருந்தா எப்படி, அப்படி."

"எங்க ஊட்ல தறி இருக்குதுங்க. நாலும் ஒண்ணா ஓடையில நான் நடுவுல நின்னு நெனச்சுக்குவேன், இந்த மாதிரி இருந்திருக்குமோ, பிள்ளைக்கு இப்படித்தான் கேட்டிருக்குமோன்னு."

தறியின் நடுவே அவர் நின்றதெல்லாம் எதற்காக என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. ஒரே சுவருக்கு இந்தப் பக்கம் வளர்ந்தவள் நான்.

"தறிச் சத்தம் நான் கேட்டதில்லக்கா" என்றார் அந்த அம்மாள்.

பெரியம்மா குனிந்து, மிகவும் தாழ்ந்த குரலில், "பயந்திருப்பாளாங்க?" என்று கேட்டார்.

சாமியாரோ நானோ எங்கள் ஊரில் வேறு யாருமோ என்றால், இல்லவே இல்லை என்று அவசரமாகச் சொல்லியிருப்போம். அந்த அம்மாள் அப்படிச் சொல்லவில்லை. "பயந்திருப்பாக்கா. நானே பயந்தேன். ஆனா ரொம்ப நேரம் இல்ல. என்னைய அடிச்சு இழுத்துட்டுப் போயி ஒரு மரத்துல போட்டுச்சு. கண்ணத் தொறந்து மூடுற நேரந்தான். உள்ள போனப்புறம் பயமெல்லாம் இல்ல, ஒண்ணும் தெரியல. அப்பங்காரரு கைய விட்டிருக்க மாட்டாரு. அது வரைக்கும் நிச்சயம்" என்றார்.

பெரியம்மா அழுதார். அவர் அழுது நான் பார்த்ததில்லை. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, முதுகு குலுங்க, சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். அந்த அம்மாள் அவர் முழங்காலில் ஒரு கையை வைத்துக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அழுது முடித்தபின் பெரியம்மா பையைத் திறந்து அக்காவின் படத்தை எடுத்தார். கோயிலில் முதல் நற்கருணையான புதுநன்மை வாங்கியபோது எடுத்தது, வெள்ளை கவுன், தலையில் பூ வளையம். அதை அந்த அம்மாள் கையில் கொடுத்துவிட்டு, "சித்தெ நடுவாப்புல மாட்டச் சொல்லுங்க. ஓரத்துல வேண்டாம்" என்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கினார். வீட்டுக்கு வந்தபின் அவர் மாறிவிட்டார் என்று சொல்வதற்கில்லை. கோயிலுக்குள் போகவில்லை. ஆனால் அந்த அம்மாளிடமிருந்து வாரம் ஒருமுறை போன் வரும். தறியை நிறுத்திவிட்டு வந்து பேசுவார். மழை பெய்ததா, மீன் வந்ததா, முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று சாதாரணப் பேச்சுத்தான். அந்த வருடம் நோம்பிக்கு மறுநாள் நான் ஊருக்குப் போனபோது கொட்டகை பூட்டியிருந்தது. பெரியம்மா வாசலில் போனைக் காதில் வைத்துக்கொண்டு, ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் கையைக் காட்டிப் பேசாதே என்று சைகை செய்தார். அந்த அம்மாள் பால் ஊற்றப் போன இடத்தில் போனைக் கடலுக்கு நேரே பிடித்துக்கொண்டிருந்தாராம்.

போன மாதம் பெரியம்மா இறந்துபோனார். காய்ச்சல் என்று படுத்தவர் எழவில்லை. இருபது வருடத்துக்கு மேல் ஏறாத கோயில் படியில் அவரைத் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். பூசை தொடங்கிய பிறகு, ஒரு துணிப்பையோடு அந்த அம்மாள் வந்து பெண்கள் பக்கம் கடைசியில் நின்றார். போனில் செய்தி சொன்னது நான்தான், வருவார் என்று நினைக்கவில்லை. கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பும்போது பக்கத்து வீட்டுக்காரர், "யாருங்க அம்மணி அந்தம்மா? நம்ம பக்கமாட்டத் தெரியலீங்களே" என்று கேட்டார். "சொந்தமுங்க" என்றேன்.

மத்தியானம் அவரை பஸ் ஏற்றிவிட அவிநாசி ரோட்டுக்கு வந்தேன். திருப்பூர் போய் அங்கிருந்து திருச்சி பஸ் பிடிக்கவேண்டும். மேம்பாலத்தின் நிழலில் நின்றோம். லாரிகளும் பஸ்களும் போய்க்கொண்டிருந்தன. இனி அந்த வீட்டுக்கு நான் வர வேண்டிய வேலை என்ன இருக்கிறது, நோம்பிக்கு யார் வீட்டுக்குப் போவது என்றெல்லாம் மனதுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அந்த அம்மாள் திடீரென்று கேட்டார்.

"அந்தப் புள்ள உனக்கு அக்கா முறைதானே? எப்படி இருப்பா? உங்க பெரியம்மாவும் நானும் எத்தனையோ பேசியிருக்கோம், எல்லாம் அன்னைக்கு நடந்ததுதான். அவ இருந்ததப் பத்தி உங்க பெரியம்மா சொன்னதே இல்ல. நானும் கேக்கல."

என்னிடம் அதை யாரும் கேட்டதில்லை. "விசில் அடிப்பா" என்றேன். "பொம்பளப் பிள்ளை விசில் அடிக்கக்கூடாதுன்னு பெரீம்மா வைவாங்க. அவ வாயில கைய வெச்சுட்டு, நான் இல்லீங்க அவதான்னு என்னையக் காட்டுவா."

அந்த அம்மாள் சிரித்தார். திருப்பூர் பஸ் வந்து எங்கள் முன்னால் நின்றது. கண்டக்டர் படியில் தொங்கியபடி ஊர்ப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். நான் அந்த அம்மாளின் பையை எடுத்துக் கொடுக்கக் குனிந்தேன்.

அவர் பையைக் கீழேயே வைக்கச் சொன்னார். "அடுத்த பஸ்ஸுல போறேன். நீ சொல்லு" என்றார்.